தொங்கும் பிலோடென்ட்ரான்: இலை மஞ்சளானால், கொடி மொட்டையானால், பூச்சி வந்தால்

வெற்றிலை போல இதய வடிவ இலை, மணிபிளான்ட் போலத் தொங்கும் கொடி. நர்சரியில் கேட்டால் "அதுவும் ஒரு வகை மணிபிளான்ட்தான் சார்" என்று சொல்லிக் கையில் கொடுத்துவிடுவார்கள். வீட்டுக்கு வந்து நாலைந்து மாதம் நன்றாக இருக்கும். அப்புறம் ஒரு நாள் அடியில் இரண்டு இலை மஞ்சளாகும். நாம் பதறிப்போய் இன்னும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுவோம். என்னுடைய முதல் செடி அப்படித்தான் போனது.

உங்களிடம் இருப்பது பிலோடென்ட்ரான்தானா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். மணிபிளான்டின் இலை தடிப்பாக, மெழுகு தடவியது போல இருக்கும். அதன் காம்பின் மேல்பக்கம் விரலால் வருடினால் ஒரு வாய்க்கால் தட்டுப்படும். பிலோடென்ட்ரானின் இலை மெல்லியது, காம்பு வழுவழுவென்று உருண்டையாக இருக்கும், புது இலை ஒரு மெல்லிய உறைக்குள்ளிருந்து வெளிவரும். இரண்டுக்கும் பராமரிப்பு ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் மணிபிளான்ட் பொறுத்துக்கொள்கிற அளவு வெயிலையும் தேங்கிய நீரையும் இது பொறுத்துக்கொள்ளாது. லேபிளில் ஸ்கேண்டன்ஸ், ஆக்ஸிகார்டியம், கார்டேட்டம் என்று எது எழுதியிருந்தாலும் பெரும்பாலும் கைக்கு வருவது ஹெடரேசியம் என்ற ஒரே இனம்தான். பச்சையில் மஞ்சள் பட்டை ஓடும் பிரேசில், வெல்வெட் துணி போன்ற மைக்கன்ஸ் எல்லாம் அதன் வகைகளே.

மெக்சிகோவிலிருந்து பிரேசில் வரை உள்ள வெப்பமண்டலக் காடுகளில் இது மரத்தில் ஏறி வளர்கிறது. நம் ஊர் மிளகுக்கொடியை நினைத்துக்கொள்ளுங்கள்: கணுவுக்குக் கணு வேர் விட்டு, மரப்பட்டையைப் பிடித்துக்கொண்டு, தலைக்கு மேலே பெரிய மரங்களின் நிழல். பிலோடென்ட்ரான் என்ற கிரேக்கப் பெயருக்கே மரத்தை நேசிப்பது என்று பொருள். பாசியும் மட்கிய இலையும் காற்றும் கலந்த இடத்தில் வேர் விடப் பழகிய செடியைத்தான் களிமண் உருண்டையோடு பிளாஸ்டிக் தொட்டியில் அடைத்து கிரில் கம்பியில் மாட்டுகிறோம். கீழே வரும் கோளாறுகளில் பாதி இதிலிருந்து பிறப்பவை.

எதைச் செய்வதற்கும் முன்

இலையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். தொட்டியைத் தூக்கிப் பாருங்கள்.

தண்ணீர் ஊற்றிய உடன் ஒரு முறை தூக்கி அந்தக் கனத்தை மனதில் வைத்துக்கொண்டால் போதும், இரண்டு வாரத்தில் கை பழகிவிடும். கனமாக இருந்தால் மண்ணில் நீர் இருக்கிறது, அவ்வளவுதான். அடுத்து ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விடுங்கள். மேல்மண் காய்ந்து உள்ளே சொதசொதவென்று இருப்பது மிகச் சாதாரணம். மூன்றாவது, அடித்துளையை முகர்ந்து பாருங்கள். மழை பெய்த மண் வாசனை வந்தால் நல்லது. சாக்கடை வாடை வந்தால் கீழே வேர் அழுகல் பகுதிக்கு நேராகப் போய்விடுங்கள்.

ஈரமானி என்று இரண்டு கம்பி வைத்த கருவி ஒன்று விற்கிறார்கள். நான் வாங்கினேன். தளர்வான கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) கலவையில் அது சொல்வதற்கும் விரல் சொல்வதற்கும் சம்பந்தமே இல்லை. விரலுக்குக் காசு கிடையாது.

இலை மஞ்சளாகிறது

மஞ்சள் ஒன்றுதான், காரணங்கள் நான்கைந்து. எந்த இலை, எத்தனை இலை, மண் எப்படி என்ற மூன்று கேள்விகளில் காரணம் பிடிபட்டுவிடும்.

கொடியின் அடிப்பக்கத்தில் மாதத்துக்கு ஒரு இலை மஞ்சளாகி உதிர்ந்தால் அது முதுமை. கிள்ளிப் போட்டுவிட்டு மறந்துவிடுங்கள். நர்சரியிலிருந்து வந்த முதல் மூன்று வாரத்தில் இரண்டு மூன்று இலை போனாலும் கவலை வேண்டாம், இடம் மாறிய அலுப்பு அது.

ஒரே வாரத்தில் மூன்று நான்கு இலை, மண்ணும் ஈரம் என்றால் வேர் மூச்சுத் திணறுகிறது. மண்ணில் உள்ள காற்று இடைவெளிகளை எல்லாம் நீர் நிரப்பிவிட்டால் வேருக்கு ஆக்சிஜன் கிடைக்காது. வேர் நுனிகள் செத்துவிடும், செத்த வேரில் பித்தியம், ஃபைட்டாஃப்தோரா மாதிரி அழுகல் கிருமிகள் குடியேறும். வேர் இல்லாததால் செடியால் தண்ணீரை இழுக்க முடியாது, எனவே இலை வாடும். வாடியதைப் பார்த்து நாம் மேலும் ஊற்றுவோம். என் முதல் செடிக்கு நடந்தது இதுவே. துளசிக்கு ஊற்றும்போது இதற்கும் தினம் ஒரு டம்ளர். போதாக்குறைக்கு, அழகாக இருக்கிறதே என்று துளையில்லாத வெள்ளைப் பீங்கான் தொட்டிக்குள் அதை இறக்கி வைத்திருந்தேன். ஒரு நாள் தூக்கிப் பார்த்தால் அடியில் நான்கு விரற்கடை கறுப்புத் தண்ணீர்.

மஞ்சளோடு இலை காகிதம் போலக் காய்ந்து, தொட்டியும் இறகு மாதிரி லேசாக இருந்தால் எதிர்ப்பக்கக் கோளாறு, தண்ணீர் போதவில்லை. இங்கே ஒரு தந்திரம் இருக்கிறது. முழுக்கக் காய்ந்த கோகோபீட் தண்ணீரை உள்ளே விடாது. ஊற்றியது தொட்டியின் ஓரமாக வழுக்கிக்கொண்டு இறங்கி அடித்துளை வழியாக வந்துவிடும், நாமும் நன்றாக ஊற்றிவிட்டோம் என்று நினைப்போம். தொட்டியை அப்படியே ஒரு வாளித் தண்ணீரில் முக்கால் உயரத்துக்கு இறக்கி அரை மணி நேரம் விடுங்கள். குமிழி வருவது நின்றதும் எடுத்து வடிய வையுங்கள்.

பழைய இலைகள் ஒட்டுமொத்தமாக வெளிறி, செடியும் வளராமல் நின்றிருந்தால் பசி. வாங்கி ஒரு வருடத்துக்கு மேலாகியும் உரமே போடாத செடிகளில் இதைப் பார்க்கலாம். உரக்கடையில் கிடைக்கும் 19:19:19 கரையும் உரத்தை லிட்டருக்கு 1 கிராம் வீதம் மாதம் ஒரு முறை ஈர மண்ணில் ஊற்றினால் போதும். அதற்கு மேல் வேண்டாம்.

புது இலை மட்டும் மஞ்சளாக, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இரும்புச் சத்து ஏறவில்லை என்று அர்த்தம். மண்ணில் இரும்பு இல்லை என்பதைவிட, காரத்தன்மை உள்ள போர் தண்ணீர் மண்ணையே மாற்றிவிட்டதால் செடியால் அதை எடுக்க முடியவில்லை என்பதே பெரும்பாலும் உண்மை. நுண்ணூட்டக் கலவை தெளிப்பது தற்காலிக ஆறுதல். தண்ணீரை மாற்றுவதும் மண்ணை மாற்றுவதும்தான் வைத்தியம்.

வேர் அழுகியிருந்தால்

இது அறுவை சிகிச்சை, ஆனால் பயப்பட ஒன்றும் இல்லை. கணு இருக்கும் எந்தத் துண்டிலிருந்தும் இந்தச் செடி மறுபடி எழும்பும்.

முதலில், பச்சையாகவும் உறுதியாகவும் இருக்கும் கொடி நுனிகளில் இரண்டு மூன்றை வெட்டித் தண்ணீர் பாட்டிலில் போட்டுவிடுங்கள். காப்பீடு. தாய்ச்செடி போனாலும் செடி போகாது.

பிறகு தொட்டியைக் கவிழ்த்து வேர்ப்பந்தை வெளியே எடுங்கள். நர்சரி மண் களிமண்ணாக இருந்தால் பிய்த்தெறிய முயலாமல் வாளித் தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவிட்டுக் கரையுங்கள். நடுவில் சின்ன வலைக்கூடையோ, நாற்றங்காலில் வளர்த்த போது வைத்த நார் உருண்டையோ இருக்கலாம். அதற்குள்ளிருந்துதான் அழுகல் தொடங்குவது வழக்கம், வேரை அறுக்காமல் வலையைக் கத்தரித்து எடுத்துவிடுங்கள். வெள்ளையாகவோ வெளிர்மஞ்சளாகவோ விறைப்பாக இருக்கும் வேர் நல்லது. பழுப்பாக, இழுத்தால் மேல்தோல் உருவிக்கொண்டு உள்ளே நூல் மட்டும் மிஞ்சும் வேர் போனது. ஸ்பிரிட்டில் துடைத்த கத்தரிக்கோலால் போன வேரை எல்லாம் வெட்டுங்கள். தண்டின் அடியும் கறுத்திருந்தால், வெட்டுமுகம் பச்சையாகத் தெரியும் வரை மேலே மேலே வெட்டிக்கொண்டு போக வேண்டியதுதான்.

புதுக் கலவைக்கு நான் பயன்படுத்துவது: கழுவிய கோகோபீட் இரண்டு பங்கு, தேங்காய் மட்டைத் துண்டுகள் ஒரு பங்கு, பெர்லைட் (எரிமலைப் பாறையைப் பொரித்த லேசான வெள்ளைத் துகள்) ஒரு பங்கு, மண்புழு உரம் அரைப் பங்கு, கூடவே கைப்பிடி அடுப்புக்கரித் துண்டுகள். பெர்லைட் கிடைக்காவிட்டால் சலித்த செங்கல் ஜல்லி போடலாம், தொட்டிதான் கனக்கும். செம்மண் சேர்க்காமல் செடியா என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். ரோஜாவுக்கு அது சரி, இதற்கு வேண்டாம். கோகோபீட்டைக் கழுவுங்கள் என்று சொன்னதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மட்டையிலேயே உப்பு இருக்கிறது. இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்தால்தான் போகும்.

மிச்சமிருக்கும் வேருக்கு ஏற்ற அளவுத் தொட்டி எடுங்கள். வேர் குறைந்த செடியைப் பெரிய தொட்டியில் வைத்தால் மண் காயவே காயாது, பழைய கதை மறுபடி தொடங்கும். நட்டபின் ஒரு முறை ஊற்றி வடியவிட்டு, வெளிச்சமான நிழலில் வையுங்கள். புது இலை வரும் வரை உரம் கூடாது.

சென்னைக்காரர்களுக்கு ஒன்று. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போது பால்கனித் தொட்டிகளை ஒரு சுற்று பார்த்துவிடுங்கள். சாரல் விழும் இடத்தில் தொங்கினால் உள்ளே நகர்த்துங்கள். மே மாதம் மூன்று நாளைக்கு ஒரு முறை குடித்த செடி நவம்பரில் பத்து நாள் தாங்கும். திங்கள், வியாழன் என்று கிழமை வைத்து ஊற்றுகிறவர்கள் செடியைக் கொல்வது இந்த மாதங்களில்தான்.

இலை நுனி பழுப்பாகக் கருகுகிறது

நுனி மட்டும் காய்ந்து, பழுப்புக்கும் பச்சைக்கும் நடுவே மெல்லிய மஞ்சள் கோடு ஓடினால் உப்பைச் சந்தேகப்படுங்கள். தொட்டி விளிம்பிலும் மண்ணின் மேலும் வெள்ளைப் பொருக்கு படிந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். குளியலறை பக்கெட்டில் வெள்ளையாகப் படிகிற அதே சமாச்சாரம்தான்.

ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுநீரை வீணாக்க மனமில்லாமல் செடிக்கு ஊற்றும் வீடுகள் நிறைய. நல்ல எண்ணம், ஆனால் சுத்திகரித்த தண்ணீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்து வருகிறது. தரை துடைக்க, வாசல் கழுவ வைத்துக்கொள்ளுங்கள். ஏசியிலிருந்து சொட்டும் நீரில் உப்பு கிட்டத்தட்ட இல்லை, இந்தச் செடிக்கு அது நன்றாகவே ஒத்துக்கொள்கிறது. மழைநீர் பிடித்து வைத்தால் அதைவிடச் சிறப்பு. உப்பு ஏறிய தொட்டியை, தொட்டி கொள்ளும் அளவைப்போல மூன்று நான்கு மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி அடித்துளை வழியாக ஓடவிட்டுக் கழுவலாம். கருகிய நுனி திரும்பப் பச்சையாகாது. அடுத்து வரும் இலையைப் பாருங்கள், அதுதான் தேர்வு முடிவு.

ஏசி காற்று நேராக அடிக்கும் இடத்தில் தொங்கினாலும் நுனி கருகும். இரண்டடி தள்ளி மாட்டினாலே போதும்.

இலையில் திட்டுத் திட்டாகப் பழுப்பு

வெயில் பட்ட பக்கம் மட்டும், வெளுத்துக் காய்ந்த திட்டு என்றால் வெயில் சுட்டது. காலை எட்டரை, ஒன்பது மணி வரை கிழக்கு வெயில் பட்டால் தவறில்லை. மேற்குப் பால்கனியின் நான்கு மணி வெயில் ஏப்ரலில் ஒரே நாளில் இலையைப் பொசுக்கிவிடும். மதியம் செடி இருக்கும் இடத்தில் கையை நீட்டிப் பாருங்கள். நிழல் விளிம்பு மங்கலாக விழுந்தால் சரியான இடம். கூர்மையாக விழுந்தால் வெயில் அதிகம், நிழலே விழாவிட்டால் இருட்டு.

எண்ணெய் பட்ட காகிதம் போல நீர் கோத்த புள்ளி, அதைச் சுற்றி மஞ்சள் வளையம், இரண்டு நாளில் பரவுகிறது என்றால் பாக்டீரியா. கெட்ட வாடையோடு இலை கூழாகிப் போனாலும் அதுதான். அந்த இலைகளை வெட்டிக் குப்பையில் போடுங்கள், மற்றத் தொட்டி மண்ணில் போடாதீர்கள். கத்தரிக்கோலை ஒவ்வொரு வெட்டுக்கும் துடையுங்கள், செடியைக் காற்றோட்டத்தில் தனியாக வையுங்கள். முக்கியமாக, இலை மேல் தண்ணீர் தெளிப்பதை நிறுத்துங்கள். வெயில் நாட்டுச் செடிக்கு ஈரப்பதம் வேண்டும் என்று எங்கோ படித்துவிட்டு மூன்று வேளையும் ஸ்பிரே அடிக்கிறோம். கடலோர ஊர்களில் காற்றில் இருக்கும் ஈரமே இதற்குப் போதும். ஸ்பிரே பாட்டில் பாக்டீரியாவுக்குத்தான் உதவுகிறது.

கொடி நீள்கிறது, இலை இல்லை. தொட்டியின் தலை மொட்டை

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். கணுவுக்கும் கணுவுக்கும் நடுவே அரையடி வெறும் தண்டு, நுனியில் நாலு சின்ன இலை, மேலே தொட்டி வழுக்கை. காரணம் வெளிச்சம். இருட்டில் இந்தச் செடி இலைக்குச் செலவழிக்காமல் வெளிச்சம் தேடித் தண்டை நீட்டிக்கொண்டே போகும். நிழலில் வளரும் செடி என்று விற்பவர் சொன்னது, காட்டில் மரத்தடி நிழலைத்தான். ஹாலின் மூலையில் டிவிக்குப் பின்னால் உள்ள இருட்டை அல்ல. ஜன்னலிலிருந்து ஒரு மீட்டருக்குள் கொண்டு வாருங்கள்.

பிரேசில் வகையில் மஞ்சள் பட்டை மறைந்து முழுப் பச்சை இலையாக வந்தாலும் வெளிச்சத்தைக் கூட்டிப் பாருங்கள். முழுப் பச்சையான கிளை வேகமாக வளர்ந்து மற்றதை அமுக்கிவிடும், எனவே கடைசியாகப் பட்டை தெரிந்த இலையை விட்டுவிட்டு, அதற்கு அப்பால் நுனிப்பக்கமாக வெட்டிவிடுவது நல்லது.

ஆனால் வெளிச்சம் கூட்டினால் இனி வரும் பகுதிதான் அடர்த்தியாகும். ஏற்கெனவே மொட்டையான தண்டில் தானாக இலை வராது. கத்தரிக்கோல் எடுக்கத்தான் வேண்டும். கொடியின் நுனியில் சுரக்கும் ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருள் தொட்டிப் பக்கம் உள்ள மொட்டுகளை உறங்க வைத்திருக்கிறது. நுனியை வெட்டினால் அந்தத் தடை போய், வெட்டிய இடத்துக்குத் தொட்டிப் பக்கமாக ஒன்றிரண்டு கணுக்கள் துளிர்க்கும். மனம் வராமல் நுனியை மட்டும் கிள்ளாதீர்கள். மொட்டைத் தண்டு தொடங்கும் இடம் வரை வெட்டுங்கள்.

வெட்டியதை எறிய வேண்டாம். இரண்டு கணு வீதம் துண்டாக்கி, கீழ்க்கணு தண்ணீரில் மூழ்கும்படி பாட்டிலில் வையுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் வேர் வரும். விரல் நீளம் வந்ததும் அதே தொட்டியின் மேல்பரப்பில் ஐந்தாறு துண்டுகளைச் சுற்றி நட்டுவிடுங்கள். வழுக்கை மறைய நான் செய்வது இதுதான். நர்சரியில் பார்த்து ஆசைப்பட்ட அந்த அடர்த்தியான தொட்டியும் ஒரு செடி அல்ல, பத்துப் பன்னிரண்டு துண்டுகளை நெருக்கி நட்டதுதான். இன்னொரு முறையும் உண்டு: நீண்ட கொடியை வெட்டாமலே தொட்டியின் மேல் வட்டமாகச் சுருட்டி, கணுக்கள் மண்ணில் படும்படி ஹேர்பின்னால் குத்தி வையுங்கள். கணுவுக்குக் கணு வேர் பிடித்துத் துளிர்க்கும். பொறுமை வேண்டும், செலவு இல்லை.

தண்ணீரில் வைத்த துண்டு வேர் விடாமல் அழுகினால், அதில் கணு இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் இலையும் காம்பும் மாதக்கணக்கில் பச்சையாக நின்று ஏமாற்றும், செடியாகாது. கணு இருந்தும் அழுகினால் தண்ணீரை நாலு நாளைக்கு ஒரு முறை மாற்றுங்கள், மூழ்கும் இலையைக் கிள்ளிவிடுங்கள். வேரோடு மண்ணுக்கு மாற்றியபின் வாடினால் பதறாதீர்கள். தண்ணீரில் வந்த வேர் மண்ணுக்குப் பழக வேண்டும், முதல் பத்து நாள் மண்ணை முழுக்கக் காயவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இலை வர வரச் சின்னதாகிறது என்பதும் இதோடு சேர்ந்த புகார். வெளிச்சமும் உரமும் சரியாக இருந்தும் அப்படி என்றால் அது நோயல்ல. ஏறும் செடியைத் தொங்கவிட்டிருக்கிறோம். தொங்கும் கொடியில் இலை சிறுக்கும், பாசிக்கம்பிலோ தென்னைநார் சுற்றிய கம்பிலோ ஏற்றிவிட்டால் பெருக்கும். இரண்டில் எது பிடிக்கிறதோ வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தொங்குவதே அழகு.

வெள்ளைப் பஞ்சு, எறும்பு வரிசை

இலைக்காம்பு தண்டோடு சேரும் இடுக்கில் பஞ்சுத் துளி போலத் தெரிந்தால் மாவுப்பூச்சி. செம்பருத்தியில் பார்த்திருப்பீர்களே, அதேதான். சாற்றை உறிஞ்சி இனிப்பு நீரைக் கழிக்கும், அதற்கு எறும்பு வரும், எறும்பே பூச்சிக்குக் காவலாகவும் இருக்கும். எனவே கிரில் கம்பியில் எறும்பு வரிசை ஏறினால் பூச்சியைத் தேடுங்கள்.

பத்துப் பதினைந்துதான் என்றால், காது குடையும் பஞ்சுக்குச்சியை மருந்துக்கடை ஸ்பிரிட்டில் தோய்த்து ஒவ்வொன்றாகத் தொடுங்கள். தொட்டதும் பழுப்பாகிச் செத்துவிடும். அதிகமாக இருந்தால் செடியைக் குளியலறைக்குக் கொண்டுபோய் ஹேண்ட் ஷவரில் இலையின் அடிப்பக்கம் படும்படி நன்றாகக் கழுவி, அன்று மாலை வேப்பெண்ணெய் அடியுங்கள். அளவு: ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீர், சில துளி திரவ சோப்பு, 5 மில்லி வேப்பெண்ணெய். சோப்பை எண்ணெயோடு முதலில் கலந்துவிட்டுத் தண்ணீரில் ஊற்றினால்தான் கரையும், இல்லாவிட்டால் எண்ணெய் மேலே மிதந்து கடைசித் தெளிப்பில் இலையைப் பொசுக்கும். வெயிலில் அடிக்காதீர்கள். வாரம் ஒரு முறை வீதம் நான்கு வாரம் விடாமல் செய்யுங்கள். ஒரு தடவை அடித்து, பூச்சி மறைந்தது என்று விடுகிறவர்களுக்கு முட்டை பொரிந்து மூன்றாவது வாரம் திரும்ப வரும். மைக்கன்ஸ் வகையின் வெல்வெட் இலையில் எண்ணெய்க் கறை நிற்கும், முதலில் ஒரே ஒரு இலையில் அடித்துப் பாருங்கள். கழுவியும் குறையவில்லை என்றால் வேரைப் பாருங்கள், வேரில் வாழும் மாவுப்பூச்சியும் உண்டு.

இலை மேல் ஊசியால் குத்தியது போலப் பொடிப்பொடியாக வெளுப்பு, அடியில் மெல்லிய வலை என்றால் சிலந்திப்பேன். ஏசி அறையின் வறண்ட காற்றும் கோடை வெப்பமும் அதற்குக் கொண்டாட்டம். வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு வாரத்தில் ஒரு தலைமுறை வளர்ந்துவிடும். எனவே மூன்று நாளைக்கு ஒரு முறை அடிப்பக்கத்தைக் கழுவுவதுதான் பலன் தரும். வெள்ளி பூசியது போன்ற கீறலும் நடுவே கறுப்புப் புள்ளிகளும் என்றால் இலைப்பேன். புது இலை கோணலாக, கிழிந்தே விரிவதும் சில சமயம் அதன் வேலைதான். உடனே மற்றச் செடிகளிலிருந்து பிரித்து வையுங்கள், இலைப்பேன் பறக்கும்.

மண்ணிலிருந்து பொடி ஈ கிளம்பினால் செடிக்கு ஆபத்தில்லை, நமக்குத்தான் எரிச்சல். மேல்மண் எப்போதும் ஈரமாக இருக்கிறது என்ற தகவலைத்தான் அது சொல்கிறது. மேல் இரண்டு அங்குலம் காயவிடுங்கள், மஞ்சள் ஒட்டும் அட்டை ஒன்று குத்தி வையுங்கள். டீத்தூள், அரிசி கழுவிய நீர் என்று ஊற்றுவதை நிறுத்துங்கள். மூன்று நான்கு வாரத்தில் போய்விடும்.

நோய் என்று நினைத்து வெட்டிவிடாதீர்கள்

காலையில் இலை நுனியில் முத்து மாதிரி நீர்த்துளி: இரவில் வேர் ஏற்றிய கூடுதல் நீரைச் செடி வெளியேற்றுகிறது. தினமும் அப்படி என்றால் தண்ணீரைக் கொஞ்சம் குறைக்கலாம். கணுவில் பழுப்பு நூல்: காற்று வேர். புது இலையோடு காய்ந்த சருகு போல ஒட்டியிருப்பது: இலையைக் காத்த உறை, தானே விழும், உரிக்கப்போய்க் குருத்தைக் கிழிக்காதீர்கள். புது இலை பழுப்புச் சிவப்பாக வருவதும் இயல்பு.

குழந்தை கடித்துவிட்டது, பூனை மென்றுவிட்டது

வெற்றிலை போல இருப்பதால் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இது சேம்புக் குடும்பத்துச் செடி. சேனையும் சேப்பங்கிழங்கும் கையை அரிக்கவைக்கும் அதே கால்சியம் ஆக்ஸலேட் ஊசிகள் இதன் இலையிலும் தண்டிலும் இருக்கின்றன. மென்றால் நாக்கும் உதடும் எரியும், எச்சில் ஒழுகும், வீங்கும். வாயைத் துடைத்து, கொப்பளிக்கவைத்து, குளிர்ந்த பாலோ தண்ணீரோ கொடுங்கள். வாந்தி எடுக்கவைக்க முயலாதீர்கள். வீக்கம் கூடினாலோ விழுங்கவும் மூச்சுவிடவும் சிரமப்பட்டாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள், பூனை நாய்க்குக் கால்நடை மருத்துவரிடம். வெட்டும்போது சாறு பட்டு உங்கள் கை அரித்தால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அந்தக் கையால் கண்ணைத் தேய்க்காதீர்கள். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் கொடி தரை வரை தொங்கக் கூடாது.

ஊருக்குப் போய் வந்தால் துவண்டு கிடக்கிறது

பொங்கலுக்கு ஒரு வாரம் போய்விட்டு வந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது, ஜனவரிக் குளிருக்கு அது தாங்கும். மே மாத விடுமுறைதான் சோதனை. துவண்ட செடியை வாளியில் இறக்கி அரை மணி நேரம் ஊறவைத்தால் மறுநாள் காலைக்குள் நிமிர்ந்துவிடும். மஞ்சளான இலைகள் மட்டும் திரும்பாது, கிள்ளிவிடுங்கள். வாடியிருக்கிறதே என்று அன்றே உரம் வைக்காதீர்கள், காய்ந்த வேரை அது சுட்டுவிடும். போகும் முன் நன்றாக நனைத்து, ஜன்னலிலிருந்து நாலடி உள்ளே தள்ளித் தரையில் வைத்துவிட்டுப் போனால் பத்து நாள் வரை சமாளிக்கும். பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவி கொடுத்துவிட்டுப் போவதாக இருந்தால் ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்: "அக்கா, தூக்கிப் பாத்துட்டு லேசா இருந்தா மட்டும் ஊத்துங்க." நான் சொல்ல மறந்த வருடம், அவர் அன்போடு தினமும் ஒரு சொம்பு ஊற்றியிருந்தார்.